ஞானப் பல் எடுத்த பிறகு: மூன்றாம் நாள் வலி என்ன சொல்கிறது?

பல் எடுத்த அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது, ஆனாலும் வலி மாத்திரைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாம் நாள் தயிர் சாதத்தைக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, "இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை வருஷம் பயந்தேன்" என்று அம்மாவிடம் பெருமை பேசினேன். மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணி வாக்கில், பல் இருந்த இடத்திலிருந்து காது வரைக்கும் கம்பி கட்டி இழுப்பதுபோல ஒரு வலி கிளம்பியது. மாத்திரை போட்டேன். அசையவில்லை. விடியும்வரை கூடத்தில் நடந்துகொண்டே இருந்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். இந்த வலியில் அது எவ்வளவு என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். முதல் நாள் பத்துக்கு எட்டு வலி இருந்து, மறுநாள் ஆறு, அடுத்த நாள் நாலு என்று இறங்கினால் அது ஆறுகிற வலி. இரண்டாம் நாள் மூன்றுக்கு வந்துவிட்டு மூன்றாம் நாள் ஏழுக்கு ஏறினால், அந்த ஏழு முதல் நாள் எட்டைவிடச் சின்னதாக இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டிய வலி. பல் எடுக்கப் போகிறவர்களுக்கும், எடுத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

பல்லை எடுப்பது என்றால் என்ன நடக்கிறது

ஞானப் பல் என்பது மூன்றாவது கடைவாய்ப்பல். வாயின் நான்கு கோடியிலும் ஒவ்வொன்று. பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். கடைசியாக வருகிற விருந்தாளிக்குப் பந்தியில் இடம் இருக்காது என்பதுதான் இதன் கதை. தாடையில் இடம் போதாமல் பாதி ஈறுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நிற்கும், தனக்கு முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லின் மேல் சாய்ந்து கிடக்கும், சில சமயம் படுக்கை வசத்திலேயே எலும்புக்குள் புதைந்திருக்கும். பாதி மூடிய ஈறுக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் சேர்ந்து அடிக்கடி வீங்கும்போதுதான் பெரும்பாலோர் மருத்துவரிடம் போகிறோம்.

மேல்தாடைப் பல் நேராக முளைத்திருந்தால் சில நிமிடங்களில் வந்துவிடும். புதைந்த கீழ்த்தாடைப் பல் அப்படியில்லை. ஈறைக் கீறி விலக்கி, மூடியிருக்கும் எலும்பைக் கொஞ்சம் அரைத்து, பல்லை இரண்டு மூன்று துண்டாக வெட்டி எடுத்து, தையல் போடுவார்கள். அதாவது இது ஒரு எலும்பு அறுவை சிகிச்சை. "பல்லுதானே பிடுங்கினாங்க" என்று மறுநாளே வேலைக்குக் கூப்பிடும் மேலாளருக்கும், "ஒரு பல்லுக்கா இந்த அலட்டல்" என்று கேட்கும் பெரியப்பாவுக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

எடுக்கும்போது வலிக்காது. அழுத்துவது தெரியும், சத்தம் கேட்கும், அவ்வளவுதான். இந்தச் சுகத்துக்கும் ஞானப் பல்லுக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1844 டிசம்பர் 11 அன்று அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், சிரிப்பு வாயுவை முகர்ந்துகொண்டு, ஜான் ரிக்ஸ் என்ற இன்னொரு மருத்துவரை விட்டுத் தன் ஞானப் பல்லையே பிடுங்கச் சொன்னார். வலி தெரியவில்லை. மயக்க மருந்தின் வரலாற்றில் அது ஒரு பெரிய நாள். பிடுங்கும்போது வரும் வலியை அப்படி ஒழித்துவிட்டார்கள். பிடுங்கிய பிறகு வரும் வலிதான் நம் பங்குக்கு மிச்சம்.

முதல் நாள்: எல்லாம் அந்த உறைந்த ரத்தத்துக்காக

பல் போன இடத்தில் ஒரு குழி இருக்கும். அதில் ரத்தம் நிறைந்து, கொஞ்ச நேரத்தில் உறைந்து, கருஞ்சிவப்பாக ஜெல்லி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் அந்த இடத்துக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பு நுனிகளையும் அதுதான் மூடுகிறது. புதிய ரத்தக்குழாய்களும் திசுவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்து வருகின்றன. கொடி படரப் பந்தல் வேண்டுமே, அதுபோல.

மருத்துவர் கையில் கொடுக்கும் சீட்டில் இருக்கும் கட்டளைகள் எல்லாம் இந்தப் பந்தலைக் காப்பாற்றத்தான். வைத்த பஞ்சை முக்கால் மணி நேரம் அழுத்திக் கடித்திருக்கச் சொல்வார்கள். நாம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கண்ணாடியில் பார்ப்போம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உறையத் தொடங்கிய ரத்தம் பஞ்சோடு வந்துவிடுகிறது, கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. எச்சிலைத் துப்பக் கூடாது என்பதும் அப்படித்தான். நம் ஆட்களுக்கு இதுதான் கஷ்டம்: வாயில் ரத்த ருசி பட்டதும் துப்பத் தோன்றும். துப்பும்போது வாய்க்குள் ஏற்படும் இழுப்பு, உறைந்ததைக் கிளப்பிவிடும். விழுங்கிவிடுங்கள். ஒரு சொட்டு ரத்தம் எச்சிலோடு கலந்தால் தலையணை உறை முழுக்கச் சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி லேசாகக் கசியத் தொடங்கினாலும் ஆச்சரியமில்லை. மரத்துப்போகப் போடும் ஊசியில் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தோடு அட்ரினலினும் கலந்திருக்கும். அந்த அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். மருந்தின் வேகம் இறங்கும்போது அவை பழையபடி விரியும், அதனால்தான் இந்தக் கசிவு. சுத்தமான பஞ்சுத் துணியை நனைத்துப் பிழிந்து, சுருட்டி, அதே இடத்தில் வைத்து அரை மணி நேரம் விடாமல் கடியுங்கள். டீத்தூள் பை இருந்தால் அதை நனைத்து வைத்துக் கடிப்பதும் உதவும், தேயிலையின் துவர்ப்பு ரத்தத்தைக் கட்டும். இரண்டு தடவை இப்படிச் செய்தும் வாய் நிறைய நிறைய ரத்தம் வந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், நடு ராத்திரியானாலும். இதய நோய்க்காக ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நாமாக அந்த மாத்திரையை நிறுத்துவது பல்லைவிடப் பெரிய ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

மரத்திருக்கும் உதட்டைச் சூடான காபியால் சுட்டுக்கொள்ளாதீர்கள், தெரியாமல் கடித்துக்கொள்ளாதீர்கள். இதில் குழந்தைத்தனமாக ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

வீக்கத்துக்கு வருவோம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதல் நாளே தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்க வந்துவிடுவார்கள். என் அம்மாவும் வந்தார். முதல் நாள் சூடு கூடாது, குளிர்ச்சிதான் வேண்டும். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கன்னத்தின் வெளியே 15, 20 நிமிடம், பிறகு அவ்வளவே இடைவெளி. சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டும், வீக்கத்தையும் கசிவையும் கூட்டும். இரண்டு நாள் கழிந்த பிறகு அம்மாவின் ஒத்தடத்துக்கு வேலை உண்டு: அப்போது இறுகிப்போன தாடைத் தசைக்கு இளஞ்சூடு நன்றாக இருக்கும். வீக்கம் இரண்டாம் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் நடுவில்தான் உச்சத்துக்குப் போகும். இது பலருக்குத் தெரியாததால் "நேற்றைவிட இன்று பெரிசாக இருக்கிறதே" என்று பதறுகிறார்கள். வலியைப் பொறுத்தவரை ஏறுமுகம் கெட்ட சேதி. வீக்கத்தைப் பொறுத்தவரை மூன்றாம் நாள் வரை ஏறுவதுதான் வழக்கம். வாயைப் பெரிதாகத் திறக்க முடியாமல் இரண்டு விரல் அளவுக்கே திறப்பதும், கன்னத்தில் மஞ்சளும் பச்சையுமாகக் கன்றியிருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும்.

மாத்திரைக் கணக்கு

புதிதாக ஒரு வலி மாத்திரை கண்டுபிடித்தால் அதைச் சோதிக்க ஆராய்ச்சியாளர்கள் யாரைத் தேடுவார்கள் தெரியுமா? ஞானப் பல் எடுத்தவர்களைத்தான். ஆரோக்கியமான இளவயதுக்காரர்கள், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே காயம், வலி எப்போது தொடங்கும் என்பதும் முன்கூட்டியே தெரியும். இதைவிட வசதியான சோதனைக்களம் கிடைக்காது. அதனால் இந்த வலிக்கு எது கேட்கும் என்பது மருத்துவத்தில் நன்றாகவே தெரிந்த விஷயம். தனி பாராசிட்டமாலைவிட இபுப்ரோஃபென் நன்றாகக் கேட்கிறது. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இதையே சொன்னது. காரணம், இரண்டும் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. இபுப்ரோஃபென் காயத்தில் அழற்சியைக் கிளப்பும் வேதிப்பொருள்கள் உருவாவதையே குறைக்கிறது. பாராசிட்டமால் பெரும்பாலும் மூளையில் வலி உணர்வைத் தணிக்கிறது.

முதல் மாத்திரையை எப்போது போடுவது? மரப்பு முழுவதும் விடுவதற்கு முன்பே. வலி மேலே ஏறி உட்கார்ந்த பிறகு அதை இறக்குவது கஷ்டம். முதல் இரண்டு மூன்று நாள் "வலித்தால் போடலாம்" என்று காத்திருக்காமல், மருத்துவர் சொன்ன இடைவெளியில் கடிகாரத்தைப் பார்த்துப் போடுங்கள். மாத்திரையை மிச்சம் பிடித்து வைத்து யாருக்கும் பரிசு கிடைப்பதில்லை.

இதில் ஒரு குழி இருக்கிறது. காம்பிஃப்ளாம் என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதற்குள் 400 மில்லிகிராம் இபுப்ரோஃபெனோடு 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் இருக்கிறது. டோலோ 650 என்பது முழுக்கப் பாராசிட்டமால். ஜெரோடால் பி என்று எழுதிக் கொடுத்தால் அதில் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்திருக்கும். பெயர் மூன்றாக இருப்பதால் மருந்தும் மூன்று என்று நினைத்து எல்லாவற்றையும் கலந்து போட்டால், பாராசிட்டமால் மட்டும் மூன்று பக்கத்திலிருந்தும் வந்து சேரும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது மேல் எல்லை. அதைத் தாண்டினால் கல்லீரல் அடிவாங்கும். குடிப்பழக்கமோ கல்லீரல் நோயோ இருந்தால் எல்லை இன்னும் கீழே. அதேபோல இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். ஒரு நேரத்தில் அதிலிருந்து ஒன்றுதான். இரண்டு சேர்ந்தால் வலி இரட்டிப்பாகக் குறையாது, வயிற்றுப்புண்தான் வரும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள், கர்ப்பிணிகள், ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எடுப்பவர்கள் இந்தக் குடும்பத்தின் பக்கமே மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. வலிக்காக ஆஸ்பிரின் யாருக்குமே வேண்டாம், ரத்தம் உறைவதை அது தடுக்கும்.

அட்டை உறையின் பின்னால் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். அங்கேதான் உண்மையான பெயர் இருக்கும்.

ஆன்டிபயாடிக் வலி மாத்திரை அல்ல. அது கிருமிக்கானது. அதுவும் எல்லோருக்கும் அவசியம் என்றும் சொல்ல முடியாது: 2021இல் வந்த காக்ரேன் தொகுப்பின் கணக்குப்படி, பல் எடுத்த பிறகு ஒருவருக்குக் கிருமித் தொற்று வராமல் தடுக்கச் சுமார் 19 பேருக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் முழுதும் சாப்பிடுங்கள். கொடுக்கவில்லை என்றால் "நல்ல டாக்டர் இல்லை" என்று முடிவுகட்டிவிட்டுக் கடையில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். எழுதிக் கொடுத்ததில் மெட்ரோநிடசோல் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால் வாயில் உலோக ருசி அடிக்கும், அது சகஜம். அந்த நாட்களில் மதுவைத் தொடக் கூடாது.

மூன்றாம் நாள் ராத்திரிக்கு ஒரு பெயர் உண்டு

அந்த ராத்திரி என்னைக் கூடத்தில் நடக்க வைத்ததற்கு டிரை சாக்கெட் என்று பெயர். உலர்ந்த குழி என்று சொல்லலாம். 1896இலேயே கிராஃபோர்ட் என்பவர் இந்தப் பெயரில் எழுதிவைத்துவிட்டார். குழியில் இருக்க வேண்டிய உறைந்த ரத்தம் நேரத்துக்கு முன்பே கரைந்துபோய்விடுகிறது அல்லது கழன்றுவிடுகிறது. அடியில் எலும்பு மூடியில்லாமல் திறந்து கிடக்கிறது. காற்று பட்டால் வலி, தண்ணீர் பட்டால் வலி, நாக்கு பட்டால் வலி. அது பல் இருந்த இடத்தோடு நிற்காது. காது, பொட்டு, கண்ணோரம் வரைக்கும் ஏறும். காது வலி என்று காது மருத்துவரிடம் போனவர்களும் உண்டு. வாயில் ஒரு கெட்ட வாடை வரும். கண்ணாடியில் பார்த்தால் கருஞ்சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழி, சில சமயம் அடியில் வெளுத்த எலும்பு. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, சீழும் இருக்காது. வழக்கமாகப் பல் எடுத்த முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் நடுவில் ஆரம்பிக்கும்.

சாதாரணமாகப் பல் எடுப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரை இதில் மாட்டுகிறார்கள். கீழ்த்தாடை ஞானப் பல் என்றால் அதைவிடப் பல மடங்கு. அங்கே எலும்பு கெட்டி, ரத்த ஓட்டம் மேல்தாடையைவிடக் குறைவு. பல்லை எடுக்க ரொம்பப் போராட வேண்டியிருந்தாலும், அங்கே ஏற்கெனவே சீழ் பிடித்திருந்தாலும், கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும், முன்பு ஒருமுறை வந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். புகையிலை மெல்லுகிறவர்களும் அதே வரிசையில் நிற்கலாம். குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மறுநாள் காலையில் நான் போய் நின்றபோது மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்: "ரெண்டு நாள் குறைஞ்சுட்டு நேத்து ராத்திரியிலேர்ந்து ஏறுதாப்பா?" தலையாட்டினேன். "காதுக்கு ஏறுதா?" அதற்கும் தலையாட்டினேன். அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் முக்குக் கடையில் ஸ்ட்ரா போட்டு இளநீர் குடித்ததை நானாக ஒப்புக்கொண்டேன். உறிஞ்சக் கூடாது என்று சீட்டில் இருந்தது. இளநீர் உடம்புக்கு நல்லதாயிற்றே என்ற நினைப்பில், அதை எப்படிக் குடிக்கிறோம் என்பது புத்தியில் உறைக்கவில்லை. அவர் சிரித்துவிட்டு, "அது ஒண்ணுதான் காரணம்னு சொல்ல முடியாது, உன் பல்லு எலும்புக்குள்ள ரொம்ப ஆழமா இருந்துச்சு" என்றார். உண்மைதான். உறைந்த ரத்தம் கரைவதற்குக் காயத்திலிருந்தே கிளம்பும் நொதிகள்தான் பெரிய காரணம் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் இது வரும். எனவே வந்துவிட்டால் உங்களையே திட்டிக்கொண்டு இருக்காதீர்கள், மருத்துவரிடம் நேரம் கேளுங்கள்.

வைத்தியம் பத்து நிமிடம்தான். வெதுவெதுப்பான உப்புநீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துக் குழியை மெதுவாக அலசினார். அந்த ஒரு நிமிடம் நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்துவிடுவேன் போல இருந்தது. பிறகு சின்ன டப்பாவிலிருந்து பழுப்பாக, ஈரமான தேங்காய் நார்த்தூள் மாதிரி ஒன்றை இடுக்கியில் கிள்ளி எடுத்துக் குழிக்குள் வைத்தார். பிரியாணி அண்டாவைத் திறந்ததுபோலக் கிராம்பு வாசனை. கிராம்பில் இருக்கும் யூஜினால்தான் அந்த மருந்திலும் இருக்கிறது, நரம்பு நுனியை மரக்கச் செய்கிறது. படிக்கட்டில் இறங்கி வரும்போதே வலி பாதியாகியிருந்தது. வீட்டுக்கு வந்து விழுந்தவன் மாலை ஐந்து மணிக்குத்தான் எழுந்தேன். அதன் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக இன்னும் இரண்டு தடவை மாற்றி வைத்தார். ஏழிலிருந்து பத்து நாளுக்குள் குழியின் அடியில் புதுத் திசு மூடிக்கொள்ளும், பிறகு மருந்து தேவைப்படாது. இது கிருமித் தொற்று இல்லை என்பதால் இதற்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை.

கிராம்பு வாசனையை வைத்து நீங்களே கிராம்புத் தைலத்தைக் குழியில் ஊற்றப் போகாதீர்கள். நீர்க்காத தைலம் பச்சைப் புண்ணில் பட்டால் திசுவைப் பொசுக்கிவிடும். மஞ்சள்தூள், கல் உப்பு, பல்பொடி எதையும் குழிக்குள் அடைக்கக் கூடாது. ஈறில் ஒரு சின்ன வலி என்றால் நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு மதிப்பு உண்டு. எலும்பு திறந்து கிடக்கும் இடத்தில் இல்லை.

எப்போது ஓட வேண்டும்

டிரை சாக்கெட் உயிரை வாங்குவதுபோல வலிக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. வலி குறைவாக இருந்தும் ஆபத்தானது வேறொன்று. பல்லில் தொடங்கிய சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் பரவுவது. 1836இல் வில்ஹெல்ம் ஃபிரெடெரிக் ஃபான் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்தார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை மாதிரி கெட்டியாக வீங்கும், நாக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வடியும், குரல் மாறும், படுத்தால் மூச்சு முட்டும். இதில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது, பல் மருத்துவரின் போன் எண்ணையும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மூச்சுப்பாதை அடைபடுவதுதான் அதில் பயம்.

அவ்வளவு தூரம் போகாத தொற்றும் உண்டு. மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போவது, காய்ச்சல், குழியிலிருந்து சீழ், விழுங்கும்போது வலி. இவற்றுக்கு அன்றே மருத்துவரைப் பாருங்கள். எல்லாம் ஆறிவிட்டது என்று மறந்திருக்கும்போது மூன்றாவது நான்காவது வாரத்தில் திடீரென்று கன்னம் வீங்குவதும் சிலருக்கு நடக்கும்; குழியில் சிக்கிய உணவுத் துணுக்கு அழுகியிருக்கும்.

மரப்பு. ஊசி போட்ட அன்று உதடும் நாக்கும் மரத்திருப்பது சரி. மறுநாளும் கீழுதட்டில் ஒரு பக்கம், முகவாயில், நாக்கில் மரப்போ குறுகுறுப்போ இருந்தால் மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்துவிடுங்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் ஒரு நரம்பு, உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுக்கிறது. பலருக்கு ஞானப் பல்லின் வேர் அதை ஒட்டியே இருக்கும். எடுப்பதற்கு முன் முழுத்தாடை எக்ஸ்ரே எடுப்பது முக்கியமாக இதற்குத்தான். வேர் நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்தால், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே விட்டுவிடும் முறையும் உண்டு. நரம்பு கொஞ்சம் நசுங்கியிருந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். நிரந்தரமாகத் தங்குவது நூறில் ஒருவருக்கும் குறைவு. உதடு மரத்தாலும் கோணாது: அந்த நரம்பு உணர்வுக்கு மட்டும்தான், அசைவுக்கு இல்லை.

மேல்தாடைப் பல் எடுத்தவர்கள் தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் வந்தால் சொல்லுங்கள். பல்லின் வேருக்கும் மூக்கை ஒட்டிய காற்றறைக்கும் நடுவில் எலும்பு மெல்லியது, ஓட்டை விழுந்திருக்கலாம். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று யாராவது இன்னும் சொன்னால், கண் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. போகாது.

சாப்பாடும் உப்புத் தண்ணியும்

முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது. அதற்குப் பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும். கொப்பளிப்பது என்றால் தொண்டையில் கடகடவென்று சத்தம் வர அல்ல. வாயில் வைத்துத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து, பிறகு வாயைத் திறந்து தானாக வழிய விட வேண்டும். மருத்துவர் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்தைக் கொடுத்திருந்தால் அவர் சொன்னபடி.

சாப்பாட்டுக்கு நம் சமையலறை இதற்கென்றே செய்தது மாதிரி. ஆறிய கஞ்சி, குழைந்த தயிர் சாதம், பாலில் ஊறிய இட்லி, மசித்த வாழைப்பழம், நீர்மோர். ஐஸ்கிரீமும் சாப்பிடலாம், சளி பிடிக்கும் என்று வீட்டில் தடுத்தாலும். முந்திரி, கோன் பிஸ்கட் இல்லாமல். ரசம் சாதம் மூன்றாம் நாளுக்குப் பிறகு, மிளகைக் குறைத்து, ஆறவைத்து. ரவையும் கேழ்வரகுக் களியின் துணுக்கும் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும், முதல் வாரம் வேண்டாம். இளநீர் தாராளமாக, டம்ளரில் ஊற்றி. பல் துலக்குவதை நிறுத்த வேண்டியதில்லை, அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் துலக்குங்கள். இரண்டு தலையணை வைத்துத் தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுத்தால் விண்விண் என்று தெறிப்பது குறையும்.

பட்டு நூல் தையலை ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். கரையும் நூல் தானே உதிரும், சோற்றில் நூல் வந்தால் ஹோட்டல்காரரைத் திட்டிவிடாதீர்கள். சில வாரம் கழித்து ஈறில் முள் குத்துவதுபோல ஏதாவது தட்டுப்பட்டால் அது மிச்சப் பல் இல்லை, பெரும்பாலும் எலும்பின் சின்னச் செதில். தானாகவே வெளியே வந்துவிடும், வரவில்லை என்றால் மருத்துவர் ஒரு நொடியில் எடுத்துவிடுவார்.

ஈறு மூட மூன்று நான்கு வாரம், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதம் ஆகும். எனக்கு மூன்றாவது வாரம்வரை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் அந்தக் குழியிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கை வந்துகொண்டிருந்தது. மருத்துவர் கொடுத்த வளைந்த மூக்குப் பிளாஸ்டிக் சிரிஞ்சில் வெந்நீரை ஆற்றி எடுத்துக் கண்ணாடி முன்னால் நின்று அலசுவேன், அம்மா பின்னால் நின்று "வந்துச்சா?" என்பார். ஆறாவது வாரம் ஒரு நாள் நாக்கால் தேடிப் பார்த்தேன். குழி இல்லை, விரல் நுனி அளவுக்கு ஒரு மெத்தென்ற பள்ளம்தான் இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பக்கமாகவே ஒரு கை முறுக்கை உடைத்துத் தின்றேன்.